முதல் ஊசி யாருக்கு?

பாடாங் மேஹா,
12 ஜனவரி 2025

கூலிம் மாநகரின் புதிய தன்வந்திரியும் ரத்த அழுத்தக் கருவியைத் தோளில் சுமந்து வந்தவனுமாகிய மச்சான் நடராஜாவுக்கு, உன் அக்கா இராசாத்தி கழுத்தில் தாலி கட்டியவனும், தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவனும், மூன்று தலைமுறையாக முதல் விபூதி வாங்கும் குடும்பத்தின் மிச்சமுமாகிய இருளப்பன் எழுதுவது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நேற்று நான் வெளியேறியதைப் பார்த்திருப்பாய். யாராவது திரும்பக் கூப்பிடுவார்கள் என்று சோறு ஆறும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குருவி கூடக் கூப்பிடவில்லை. உன் பெண்டாட்டி ரூபினி மட்டும் அதே நேரத்தில் யாருக்கோ பிறந்தநாள் கேக் படம் போட்டாளாம். ஆகவே உன் எண்ணையும் முடக்கிவிட்டேன். இனி நம் பேச்சு காகிதத்தில்தான். கம்பெனி பஸ் ஓட்டும் ராமையா ஹைடெக் தொழிற்பூங்காவுக்கு ஆள் ஏற்ற தினமும் நம் முச்சந்திக்கு வருகிறார். இதை அவர் கையில் கொடுத்திருக்கிறேன். உன் பேக்டரி வாசலில் வாங்கிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம் வைக்கிறேன் என்றாய். சர்க்கரை, ரத்த அழுத்தம், திரைக்குப் பின்னால் பெண்களுக்கு மார்புப் பரிசோதனை என்று நோட்டீஸ் ஒட்டினாய். நல்லது என்று நானே மைக்கில் அறிவித்தேன். என் குரல் அதிர்ச்சியில் தாய்லாந்து எல்லையில் அடைகாத்த கோழி எழுந்து ஓடியதாகத் தகவல். வெறும் வயிற்றில் வரச் சொன்னாய். அதை விரதம் என்று எடுத்துக்கொண்டு தோட்டத்து வீட்டு வரிசைகளில் நம் பக்கமான கீழ் லயத்து ஆட்கள் மஞ்சள் வேட்டியில் வந்தார்கள். செருப்பை வெளியே விட்டார்கள். ஒரு கிழவர் டாக்டர் மேசையில் தேங்காய் பழம்கூட வைத்தார். கோயில் என்றால் கோயில் முறை. இதெல்லாம் உனக்குத் தெரியாதா?

அப்படியிருக்க ஒன்றாம் எண் என்று நீ கூப்பிட்டது யாரை? மேல் லயத்துப் பிச்சையம்மாளை! தீபாராதனைத் தட்டு முதலில் என் முன்னால்தான் நிற்கும். நான் கண்ணில் ஒற்றிய பிறகுதான் கீழ் லயம் கை நீட்டும். அந்த மண்டபத்தில், அம்மன் பார்க்க, என் ரத்தம் இரண்டாம் ரத்தமா? என் ரத்தத்தைக் குடிக்க வரும் கொசு, வாசலில் அனுமதி கேட்டுவிட்டு வரும், தெரியுமா?

துண்டை உதறி எழுந்தேன். கீழ் லயம் முழுவதும் எழுந்தது. நான் கூப்பிடவில்லை. அவர்களாக எழுந்தார்கள்.

உன் முகாம் வருவதற்கு முன்னால் இந்தத் தோட்டத்துக்கு ஆஸ்பத்திரி எது? என் வேன்! பஸ் எட்டிப் பார்க்காத இந்தச் செம்மண் பாதையில் பிரசவம், பாம்புக்கடி, நெஞ்சுவலி எல்லாவற்றையும் கூலிமுக்குச் சுமந்தது அது. அதன் பின்சீட்டில் பிறந்த பிள்ளைகளைச் சேர்த்தால் ஒரு பள்ளிக்கூடம் திறக்கலாம். இப்போது எல்லார் வாயிலும் நடராஜா, நடராஜா. நேற்று ஒரு நாய் குரைத்தது. அதுவும் உன் பெயர் மாதிரியே கேட்டது.

மரியாதை தவறிய இடத்தில் மருந்து வேலை செய்யாது.

இருளப்பன்

*

கூலிம்,
15 ஜனவரி 2025

மாமாவுக்கு,

ராமையா அண்ணன் உங்கள் கடிதத்தைப் பேக்டரி வாசலில் வைத்து, "உங்க மாமா ராஜா ஓலை அனுப்பியிருக்காருலா!" என்று கத்தித்தான் கொடுத்தார். என் லைன் ஆட்கள் முன்னால் மானம் போயிற்று. இடைவேளையில் எழுதுகிறேன். சுருக்கமாகத்தான் எழுத முடியும்.

எண் கொடுத்தது வந்த வரிசையில். பிச்சையம்மாள் விடியும் முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் குளித்து, பட்டு வேட்டி கட்டி, மைக் பிடித்து வருவதற்குள் பாதி மேல் லயம் வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் முதல் இரண்டாவது கிடையாது.

முகாமுக்கு வந்த டாக்டர் ஹனான் என்னிடம் கேட்டார்: "ஏன் சார் அவ்வளவு பேரும் ஒரே நேரத்துல எந்திரிச்சுப் போறாங்க? ஊசின்னா பயமா?" இல்லை டாக்டர், எங்கள் மாமாவுக்கு முதல் தட்டு வரவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? தலையைச் சொறிந்தேன். அவரும் தாதி நளினியும் லீவு நாளில் சொந்தப் பெட்ரோல் போட்டு வந்தவர்கள். பிப்ரவரி 15 சனிக்கிழமை இன்னொரு முறை வருவார்கள். அன்றைக்கும் கீழ் லயம் வராவிட்டால் முகாமை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிடுவதாக டாக்டர் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இன்னொன்று. அக்கா திரைக்குப் பக்கத்தில் பெண்கள் வரிசையில் நின்றிருந்தாள். நளினியிடம் ஏதோ கேட்க வேண்டும் என்றாள். நீங்கள் வாசலில் நின்று "இராசாத்தீ!" என்று கத்தியதும் செருப்பை மாட்டிக்கொண்டு உங்கள் பின்னால் வந்துவிட்டாள். தலைவர் வீட்டுப் பெண் நிற்காத வரிசையில் நாங்கள் நிற்கலாமா என்று மற்ற பெண்களும் போய்விட்டார்கள். அக்கா என்ன கேட்க வந்தாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். வீட்டில் நீங்கள் கேளுங்கள்.

மரியாதை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் பொறாமை, மாமா.

நடராஜா

*

பாடாங் மேஹா,
28 ஜனவரி 2025

மச்சான்,

பொறாமையா? எனக்கா? கடலுக்குக் குளத்தின் மேல் பொறாமையா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் செம்பனைக் குலைகள் தாமாக விழுந்தன. அறுவடைக்கு வந்த ஆட்கள் எனக்கு நன்றி சொன்னார்கள்.

பொறாமை இல்லை என்று நிரூபிக்கத்தான் நேற்று "இருளப்பன் மருத்துவ ரதம்" புறப்பட்டது. வேனைக் கழுவினேன். மாலை போட்டேன். வருகிறவர்களுக்கு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் என்று மைக்கில் சொன்னேன். உன் டாக்டர் இங்கே வந்தால்தானா? என் ஜனங்களை நானே அரசாங்கக் கிளினிக்கில் கொண்டுபோய் இறக்குவேன் என்று கிளம்பினேன். கீழ் லயத்தில் கொள்ளளவுக்கு மேல் ஏறினார்கள். இராசாத்தியும் முன்சீட்டில் ஏறினாள். பாட்டுப் போட்டுக்கொண்டு கூலிம் போய்ச் சேர்ந்தோம்.

கிளினிக் கேட் பூட்டியிருந்தது. காவலாளி என்னையும் மாலையையும் ஏறிட்டுப் பார்த்து, பெரியவர் என்ற மரியாதையோடு, "பாக்சிக், இன்னைக்கு இஸ்ராக் மிக்ராஜ் பெருநாள், கெடா மாநிலம் முழுக்க லீவு" என்றான். என் வீட்டுச் சுவரில் தொங்குவது பினாங்கு நகைக்கடை கொடுத்த காலண்டர். அது பக்கத்து மாநிலம்; அங்கே நேற்று லீவு இல்லை. ஒரு நகைக்கடைக்காரன் எனக்கு எதிராகச் செய்த சதி இது. இதில் உன் கை இருக்கிறதா என்று விசாரித்து வருகிறேன்.

சிரிக்காதே. ராமையாவும் சிரித்தார். அவருடைய பஸ் டயரில் அன்றைக்கே ஆணி ஏறியது.

உன் அக்காவை நீ சொன்னபடி கேட்டேன். "ஒன்னுமில்ல, முதுகுவலி" என்றாள். திரும்பி வரும்போது வழி முழுதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். நாசி லெமாக்கையும் பிரிக்கவில்லை. என் ரதம் தோற்றதற்கு அவள் இவ்வளவு வருந்தியது எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமன்

*

பாடாங் மேஹா,
3 பிப்ரவரி 2025

பெண் கடத்தல்காரனுக்கு,

முதலில் என் ஜனங்களை எடுத்தாய். இப்போது என் பெண்டாட்டியையும் எடுத்துக்கொண்டாய். ரூபினியைப் பார்க்கப் போகிறேன் என்று இராசாத்தி ராமையா பஸ்ஸில் ஏறி உன் வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. போன் செய்தால், "ரசம் பிரிட்ஜுல இருக்கு, சூடு பண்ணிக் குடிங்க" என்று வைத்துவிடுகிறாள். பின்னணியில் ஒரு பெண் பேசும் சத்தம். யார் என்றேன். "நளினி" என்றாள். யாருடைய வீட்டில் யாருக்கு என்ன வேலை?

என் மனைவி என்னைவிட ஒரு தாதியிடம் அதிகம் பேசுகிறாள் என்று நினைத்து நேற்று ரசத்தைச் சூடு பண்ணாமலே குடித்தேன். அதன் புளிப்பில் என் மூதாதையர் அனைவரும் முகம் சுளித்தார்கள்.

அப்படி என்ன சாமர்த்தியம் அந்த நளினியிடம்? எனக்குத் தெரியாத எதை அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்?

உடனே பதில் போடு.

இருளப்பன்

*

கூலிம்,
5 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள். அக்கா சொல்லச் சொன்னதால் எழுதுகிறேன். அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அக்காவுக்கு இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. தீபாவளிக்கு முன்பே கையில் தட்டுப்பட்டதாம். முகாமில் நளினியிடம் காட்டத்தான் அன்றைக்கு வரிசையில் நின்றாள். கிளினிக்கில் காட்டத்தான் உங்கள் வேனில் ஏறினாள். இரண்டு தடவையும் நடக்காமல் போனதும் தானாகவே இங்கே வந்து ரூபினியிடம் சொல்லி அழுதாள். நளினி வீட்டுக்கே வந்து பார்த்தார். மறுநாளே ஆஸ்பத்திரியில் படம் எடுக்க ஏற்பாடு செய்தார். நேற்று ஊசி வைத்துத் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர இரண்டு வாரமாகும். சிறிய கட்டிதான், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்கிறார். பயமாகத்தான் இருக்கிறது.

என் மேல் கோபப்படாதீர்கள். எனக்கும் முந்தாநாள்தான் தெரியும். கூடப் பிறந்தவனாகிய என்னிடம் சொல்லாமல் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். என் வீட்டிலேயே எனக்கு மறைத்துப் பேசினார்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் இருக்கிறது, மாமா.

நடராஜா

*

பாடாங் மேஹா,
7 பிப்ரவரி 2025

மச்சான்,

இராசாத்தியிடம் போனில் பேசினேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்ககிட்ட சொன்னா மைக்குல சொல்லிடுவீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் வாழ்க்கையில் கடைசி வார்த்தையை இன்னொருவருக்கு விட்டுவிட்டு நான் போனை வைத்தது இதுதான் முதல் முறை.

தீபாவளிக்கு முன்பிருந்து என்றால் நான் கோயில் திருவிழாவுக்குப் பாத்திரம் எண்ணிய நாட்கள், மைக் பழுது பார்த்த நாட்கள், உன்னைத் திட்டிய நாட்கள் எல்லாவற்றிலும் அந்தக் கட்டி என் பக்கத்திலேயே படுத்திருக்கிறது. அவள் பயந்ததெல்லாம் அதற்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நளினியை விடு, உன்னை விடு. அந்தக் கட்டியின் மேலேயே எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

வேனை எடுத்துக்கொண்டு வரட்டுமா? வந்தால் உன் வீட்டு வாசலில் நிற்பேன். உள்ளே கூப்பிடுவாயா?

இருளப்பன்

*

கூலிம்,
9 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

நீங்கள் வந்துபோன பிறகு அக்கா நன்றாகத் தூங்கினாள். வாசலில் நிற்கிறேன் என்று எழுதிவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போய் என் பங்குக் கோழிக்கறியையும் சாப்பிட்டுவிட்டுப் போனது நீங்கள்தான்.

அக்கா உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். பதினைந்தாம் தேதி முகாமுக்கு அவளே தோட்டத்துக்கு வருவாளாம். கீழ் லயத்தில் இரண்டு மூன்று பேர் அவளைப் போலவே மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குச் சந்தேகம். தலைவர் வீடு எழுந்து போனதால்தான் அவர்கள் வரிசையை விட்டார்கள். தலைவர் வீடு முதலில் போனால் உள்ளே வந்துவிடுவார்கள். நோட்டீஸ் அடித்தால் வருவார்கள் என்று நினைத்தேன், கோயிலில் வைத்தால் கோயில் முறைதான் நடக்கும் என்று இப்போது புரிகிறது.

ஆகவே ஒன்றாம் எண்ணை உங்கள் குடும்பத்துக்கே எழுதிவிட்டேன். பிச்சையம்மாளிடம் கேட்டேன். "எனக்கு எந்த நம்பரா இருந்தா என்னப்பா, சக்கரை இருக்கா இல்லையா, அத சொல்லுங்க" என்றார். எனக்குத்தான் மனம் வரவில்லை. வரிசை, வரிசை என்று உங்களிடம் சண்டை போட்டவன் நான். கடைசியில் உங்கள் வழிக்கே வந்து நிற்கிறேன். இதை மைக்கில் சொல்லாதீர்கள்.

நடராஜா

*

பாடாங் மேஹா,
16 பிப்ரவரி 2025

மச்சான்,

நேற்று நீ மேசை, நாற்காலி, பிளாஸ்க் என்று ஓடிக்கொண்டிருந்ததால் பாதிதான் பார்த்திருப்பாய். அரசவைக் குறிப்பாக முழுவதையும் எழுதிவைக்கிறேன்.

பூசாரி பரஞ்சோதி பரிவட்டத்தோடு என் முன்னால் நின்றார். உருமி முழங்கியது. அதன் அதிர்வில் கூலிம் ஹைடெக் பூங்காவில் சிப்புகள் தாமே எழுந்து வரிசையில் நின்றிருக்கும். நான் தலையைக் குனியாமல், "வீட்டு அம்மாளுக்குக் கட்டுங்க" என்றேன். பரஞ்சோதி, "பொம்பளைக்குப் பரிவட்டமா? தலைவரே, இது வழக்கமில்லைலா!" என்றார். "ஊசி குத்துறதும் வழக்கமில்ல, குத்தல?" என்றேன். அவர் துணியோடு நெருங்க, உன் அக்கா, "சும்மா இருங்க ரெண்டு பேரும். தலையில துணி கட்டிக்கிட்டு நான் எங்க போறது?" என்று துணியைத் தள்ளிவிட்டு என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

அந்த மைக்கை என்னிடமிருந்து ஒரு மந்திரியும் வாங்கியதில்லை.

"எனக்கு மார்புல கட்டி இருக்கு. சொல்லாம வச்சிருந்தேன். இப்ப சோதன பண்ணியிருக்காங்க. பாக்குறப்ப வலிக்கல. வெக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான். உங்கள்ல யாருக்காச்சும் இருந்தா என்கூட உள்ள வாங்க." இவ்வளவுதான் சொன்னாள். மைக்கை என் மடியில் வைத்துவிட்டுத் திரைக்குள் போனாள்.

கீழ் லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். கிழவி, குமரி, முழங்கால் வலி, மூக்கு ஒழுகும் குழந்தை எல்லாம் அந்தத் திரையை நோக்கி நகர்ந்தது. நான் எத்தனை வருடம் கத்தியும் இத்தனை பேர் இத்தனை அமைதியாக எழுந்ததில்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெருமை என்று எழுத வேண்டும். ஆனால் முதலில் வந்தது வயிற்றெரிச்சல்தான். என் மைக், என் மண்டபம், என் ஜனம், அவள் குரல்!

பிறகு ஒரு மூலையில் போய் என் விரலைக் குத்திக்கொண்டேன். எத்தனையாவது எண் என்று கேட்காதே. மிகப் பின்னால். சர்க்கரை ஏகமாக இருக்கிறதாம். டாக்டர் ஹனான் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது ரத்தமா, பாகா?" என்றார். பாகாக இருந்தால் என்ன, ஒரு நாட்டுக்கே ஜிலேபி பிழியலாமே என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாமன்

*

கூலிம்,
22 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. புற்றுநோய்தான். ஆனால் ஆரம்ப நிலை என்கிறார்கள். அறுவை சிகிச்சை மார்ச் 12. அதற்குப் பிறகு மருந்து கொடுப்பார்கள். இன்னும் கொஞ்ச மாதம் கழித்து வந்திருந்தால் வேறு பேச்சு பேசியிருப்பேன் என்று டாக்டர் சொன்னார். அக்கா கேட்டுவிட்டு, "சரி" என்றாள். பிறகு, "அவருக்கு மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, எழுதித் தா" என்று என்னிடம் கேட்டாள். உங்கள் மாத்திரையைத்தான்.

முகாம் மாதாமாதம் நடக்கும் என்று டாக்டர் ஹனான் உறுதி சொல்லியிருக்கிறார். நோட்டீஸ் அடித்தது நான், நாற்காலி சுமந்தது நான், டாக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியது நான். ஆனால் ராமையா அண்ணன் பஸ்ஸில் சொல்வது என்ன தெரியுமா? "இருளப்பன் முகாம்." வேண்டும் எனக்கு.

நடராஜா

*

பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி, லிப்டுக்குப் பக்கத்து நாற்காலி,
12 மார்ச் 2025

மச்சான்,

இதே நடைபாதையின் அந்தக் கோடியில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருப்பது தெரிகிறது. எழுந்து வந்து பேசலாம். ஆனால் காலையில் நடந்ததற்குப் பிறகு நான் முதலில் பேச மாட்டேன். அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது என் உரிமை. என் வேன் கழுவி நின்றது. நீ உன் ஏர்கண்டிஷன் கெரேத்தாவைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தியது யாரைக் கேட்டு? நாம் இருவரும் வேன் சாவியும் கார் சாவியுமாக என் வீட்டு வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்க, அவள் பையைத் தூக்கிக்கொண்டு முச்சந்திக்குப் போய் ராமையாவின் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஷிப்டு ஆட்கள் எழுந்து இடம் கொடுத்தார்களாம். ராமையா அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, பிறகுதான் பேக்டரிக்குப் போனாராம். இன்றைக்கு அத்தனை பேரும் வேலைக்குத் தாமதம். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லையாம்.

கூட ஒரே ஒரு ஆள்தான் இருக்கலாம் என்றார்கள். நான் எழுந்தேன். நீயும் எழுந்தாய். அவள் ரூபினியைக் கைகாட்டினாள். நீ ரூபினியை முறைத்த முறைப்பைப் பார்த்தேன். நானும் அப்படித்தான் முறைத்திருப்பேன்.

நேரில் பேச மாட்டேன் என்பதால்தான் இதை நர்ஸிடம் கொடுத்து உன் பக்கம் அனுப்புகிறேன். அந்தப் பெண் முதலில், "நான் போஸ்ட்மேன் இல்ல, அங்கிள்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் அறுவை அறைக்குள் போய் ரொம்ப நேரமாகிறது. மிகைப்படுத்திச் சொல்ல ஒரு நேரத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. உண்மையான நேரமே போதுமானதாக இருக்கிறது.

மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது யாரையாவது கேட்பாள். நீ அவள் தூக்கி வளர்த்த தம்பி, உன் பெயர்தான் முதலில் வரும் என்று எனக்குத் தெரியும். வரட்டும். இந்த ஒரு முறை உன் பெயரையே சொல்லட்டும். கண்ணைத் திறந்தால் போதும்.

இருளப்பன்

*

அதே மாடி, தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கம்

மாமா,

ரூபினி இப்போதுதான் வெளியே வந்து சொன்னாள். அக்கா கண் விழித்துவிட்டாள். உங்களையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டாள்.

குடிக்கக் கொடுக்கக் கூடாதாம். பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கலாமாம். ஒருத்தர் உள்ளே போகலாம் என்கிறார்கள்.

நான் எழுந்து பாதி தூரம் வந்துவிட்டேன். நீங்கள் போங்கள், மாமா.

நடராஜா